என் மகளின் ரீடிங் யாருக்குச் சொந்தம்? மருத்துவக் கருவி, செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உடலில் அணியும் மருத்துவக் கருவிகளையும் அவற்றுக்கான கைப்பேசிச் செயலிகளையும் நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

என் மகளுக்கு முதல் வகை (டைப் 1) நீரிழிவு; உடம்பு இன்சுலினைச் சுரக்காததால் ஊசியிலோ பம்ப் என்ற சிறு கருவியிலோ வெளியிலிருந்து செலுத்த வேண்டும். அவள் மேற்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் செயலியைத் திறந்தபோது ஓர் அறிவிப்பு திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. நிறுவனத்தை வேறொருவர் வாங்கிவிட்டார்களாம். இதுவரை சேர்ந்த பதிவுகளும் இனி சேரப்போகிறவையும் புதிய உரிமையாளரிடமும் அவர்களுடைய "கூட்டாளிகளிடமும்" போகுமாம். கீழே ஒரே ஒரு பொத்தான்: "ஏற்கிறேன்". அதை அழுத்தாதவரை ரீடிங், அதாவது சென்சார் காட்டும் சர்க்கரை அளவு, தெரியாது; அலாரமும் அடிக்காது.

மறுக்க வழியே வைக்காமல் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாக ஏற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். எங்களுக்கு இந்த அறிவிப்பை அனுப்பியது உங்களில் ஒரு நிறுவனம்தான். ஆனால் மற்றவர்களுடைய விதிமுறைகளையும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நான் படித்தவற்றில் வரிகள் மாறுகின்றன, விஷயம் மாறவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தச் சென்சார் எங்கள் வீட்டில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லிய இழை ஒன்று தோலுக்குக் கீழே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு எண் வருகிறது; ஒரு நாளைக்கு 288 எண்கள். 70க்குக் கீழே இறங்கினால் லோ, அதாவது சர்க்கரை குறைவு. 54க்குக் கீழே போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது. தூக்கத்தில் அப்படி இறங்கினால் பிள்ளைக்குத் தெரியாமலே போகலாம், நினைவு தப்பலாம், வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் என் கைப்பேசியில் அடிக்கும் அலாரம்தான் அவளுக்குக் காவல். "பிடிக்கவில்லையென்றால் பயன்படுத்த வேண்டாம்" என்று ஒரு விளையாட்டுச் செயலிக்காரர் சொல்லிவிட்டுப் போகலாம். நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது. இரவு அலாரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கையெழுத்து கேட்டால், எந்தத் தாய் மறுப்பாள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அப்புறம், அந்த எண்களில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். அவள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எந்த வேளையைத் தவிர்த்தாள் என்பது வளைகோட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்சுலின் போட மறந்த மத்தியானம் தனியாக நிற்கும். பரீட்சை நாளில் ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். உடம்பு சரியில்லாத நாளிலும் ஏறும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வழக்கமான இன்சுலினுக்கு அவளுக்குச் சர்க்கரை அடங்காது. சில மாதப் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவளுடைய சுழற்சியையே குறித்துவிடலாம். பதின்ம வயதுப் பெண் அம்மாவிடம்கூடச் சொல்ல விரும்பாத விஷயங்கள் அதில் இருக்கின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பது அவளுக்குச் சில நாள் பெரிய எரிச்சல். அதை நாங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வோம். முகம் தெரியாத கூட்டாளிகள் இதற்குள் எங்கே வந்தார்கள்?

ஒரு முறை சென்சார் பாதியிலேயே வேலை செய்யாமல் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் சேவையை அழைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிர்முனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். வரிசை எண்ணைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ரொம்ப லோ போயிருக்கே மேடம், அதுக்கப்புறம்தான் சிக்னல் நின்னிருக்கு" என்றார். நான் அதைச் சொல்லவேயில்லை. பக்கத்தில் இருந்த மகள் நிமிர்ந்து பார்த்து, "அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். அதையே நான் அவரிடம் கேட்டேன். "எங்களுக்கு ஸ்கிரீன்ல வரும் மேடம்" என்றார். யார் யாருடைய திரையில் வரும், யார் எப்போது பார்த்தார் என்று பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் மகளின் இரவை அவருடைய திரையில் கொண்டுபோய் வைத்தவர்கள் நீங்கள். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே செயலி இருப்பிட அனுமதியும் கேட்கிறது. ஏன் என்று எழுதிக் கேட்டதற்கு, புளூடூத் வழியாகச் சென்சாரைத் தேட அது தேவை என்று பதில் வந்தது. பழைய ஆண்ட்ராய்டில் அது உண்மைதான். ஆனால் 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், இருப்பிடத்தைத் தொடாமலே பக்கத்தில் இருக்கும் கருவியைத் தேடிக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் கைப்பேசி அதைவிடப் புதியது. இருந்தும் அனுமதி கேட்பது நிற்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அறிவிப்பு வந்த பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பதிவுகள் எல்லாவற்றையும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், கூட்டாளிகள் யார் என்று பெயர் சொல்லுங்கள், மகள் பெரியவளாகிறாள், கணக்கை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். வந்தது ஒரு பிடிஎஃப். சராசரி சர்க்கரை, இரண்டு வண்ண வரைபடம், நிறுவனத்தின் முத்திரை, அவ்வளவுதான். ஐந்து நிமிட ரீடிங் ஒன்றுகூட அதில் இல்லை. கூட்டாளிகளின் பெயர் "வணிக ரகசியம்". கணக்கை மாற்ற வசதி இல்லை. மகள் புதிதாக ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளலாம், பழைய பதிவுகள் அடையாளம் நீக்கப்பட்ட நிலையில் ஆய்வுக்காகத் தங்களிடமே இருக்கும் என்றார்கள். ஆக, சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதல் சேர்ந்த அவளுடைய உடம்பின் வரலாறு அந்த நிறுவனத்திடம் முழுசாக இருக்கிறது, அவளிடம் இல்லை. அவள் சார்பில் நான் கொடுத்த அனுமதியை, அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு திரும்பப் பெற அவளுக்கு வழியே வைக்கவில்லை.

அடையாளம் நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்ற நம்பிக்கை 1990களிலேயே உடைந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்த மருத்துவப் பதிவுகளை லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் எடுத்தார். வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அப்போதைய ஆளுநருடைய பதிவு எது என்று கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றே போதுமாக இருந்தன. அந்த நாட்டில் 87 சதவீதம் பேரை இந்த மூன்றை வைத்தே தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000இல் அவர் கணக்கிட்டுச் சொன்னார். நீங்கள் வைத்திருப்பதோ வருடக்கணக்கில் ஓடும் நேரக்குறியிட்ட ரீடிங், கூடவே இருப்பிடம், கைப்பேசியின் விளம்பர அடையாள எண். இதில் பெயரை மட்டும் அழித்துவிட்டு, இனி இது யாருடையதும் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

எங்களை நம்புங்கள் என்று உங்கள் விதிமுறையில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துறை நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகு எப்படி நம்புவது? மாதவிலக்கைக் குறித்துவைக்கும் ஃப்ளோ செயலி, பெண்களின் விவரங்களை யாருக்கும் தரமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே, கர்ப்பம் உள்பட அவர்கள் பதிந்த தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அனுப்பியது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டி 2021இல் உத்தரவு போட்டது. 2023இல் மருந்துக்குத் தள்ளுபடி தேடித்தரும் குட்ஆர்எக்ஸ்; பயனர்களின் மருந்து விவரங்கள் விளம்பர நிறுவனங்களுக்குப் போயின என்பதற்காக 15 லட்சம் டாலர் அபராதம். அதே ஆண்டு பெட்டர்ஹெல்ப்; மனநல ஆலோசனை தேடி வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களும் விளம்பரத்துக்குப் போயின என்று 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. மன உளைச்சலில் ஒருவர் எழுதிக்கொடுத்ததை விளம்பரக்காரரிடம் நீட்டுவது வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இந்த மூன்றிலும் யாரும் பூட்டை உடைத்துத் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறுவனங்கள் தாங்களாகவே கொடுத்தவை.

திருட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்து இருக்கிறது. வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடுபோய், 2020இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் வந்தது: பணம் கட்டு, இல்லாவிட்டால் நீ ஆலோசகரிடம் பேசியதை வெளியிடுவேன் என்று. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், வங்கி அட்டையை மாற்றிக்கொள்ளலாம். ஆலோசகரிடம் அழுததை எப்படி மாற்றிக்கொள்வது?

நிறுவனம் கைமாறும்போது என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. மரபணுவைச் சோதித்துச் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 14,000 கணக்குகளில் நுழைந்தவர்கள், உறவினரைத் தேடித்தரும் வசதி வழியாக 69 லட்சம் பேருடைய விவரங்களைப் பார்த்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. சுமார் 1.5 கோடி பேருடைய மரபணுத் தகவல், கடனை அடைக்க விற்கும் சொத்துப் பட்டியலில் சேர்ந்தது. நாற்காலி மேசையோடு சேர்த்து ஏலம் விடக்கூடியதாக ஒருவருடைய உடம்பின் விவரத்தை எந்தச் சட்டம் கருதினாலும் அந்தச் சட்டம் தப்பு.

சட்டத்தில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. நோயாளி தானே இறக்கிக்கொள்ளும் செயலி பெரும்பாலும் அதற்குள் வராது. இரவு 2 மணிக்கு வந்த 54 என்ற ரீடிங் மருத்துவரின் கோப்பில் இருந்தால் காப்பு உண்டு. அதே 54 உங்கள் சர்வரில் இருந்தால் பெரும்பாலும் உங்கள் விதிமுறைதான் சட்டம். ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்திருக்கிறது, கணினியில் படிக்கக்கூடிய வடிவில் கேட்டு வாங்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், சம்மதம் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் எந்த நாட்டில் எவ்வளவு விடுவார்கள் என்று பார்த்து நாட்டுக்கு ஒரு விதிமுறை எழுதும் நீங்கள், ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே. நல்ல விதியை எல்லோருக்கும் வைக்க எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

பதிவுகளை நோயாளியிடம் கொடுத்தால் ஆபத்து, குழப்பிக்கொள்வார்கள் என்று உங்கள் பதில்களில் படிக்கிறேன். முதல் வகை நீரிழிவுக் குடும்பங்களிடம் இதைச் சொல்லாதீர்கள். 2013இல், பள்ளிக்குப் போகும் மகனின் சர்க்கரையைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாமல் தவித்த ஒரு தந்தை, சென்சார் பெட்டியிலிருந்து எண்களை எடுத்து இணையத்தில் காட்டும் நிரலைத் தானே எழுதினார். மற்ற பெற்றோர்கள் சேர்ந்துகொண்டார்கள், நைட்ஸ்கவுட் என்ற பொதுத் திட்டம் பிறந்தது. இனியும் காத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். சென்சார் எண்ணைப் பார்த்து பம்ப் தானாக இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பையும் நோயாளிகளும் பெற்றோர்களும் தாங்களே எழுதிப் பொதுவில் வைத்தார்கள். எங்கள் எண்கள் எங்கள் கைக்கு வந்தபோது நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் மெட்ரானிக் நிறுவனத்தின் சில பழைய மினிமெட் பம்புகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பக்கத்தில் இருக்கும் ஒருவர் கம்பியில்லா வழியில் நுழைந்து இன்சுலின் அளவை மாற்றிவிட முடியும் என்பதுதான் சிக்கல். அதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான் நோயாளிகள் தங்கள் தானியங்கி அமைப்பை முதலில் ஓட்டினார்கள் என்பதும் உண்மை. உரிமையாளருக்கு முறையான கதவு வைக்காததால் அவர்கள் ஓட்டை வழியாக நுழைய வேண்டியிருந்தது. என் மகள் தன் ரீடிங்கைப் படிப்பது வேறு, யாரோ ஒருவர் பம்பை இயக்குவது வேறு. முன்னதைத் திறந்துவிட்டு பின்னதைப் பூட்டுவது உங்கள் பொறியாளர்களால் முடியாத காரியம் அல்ல.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான்.

ஏற்க மறுத்தாலும் கருவி வேலை செய்ய வேண்டும். சென்சாரும் கைப்பேசியும் பேசிக்கொள்ள உங்கள் சர்வர் தேவையில்லை; ரீடிங்கும் அலாரமும் கைப்பேசிக்குள்ளேயே இயங்கும்படி செய்யுங்கள். இன்னொரு கைப்பேசிக்கு அனுப்ப சர்வர் தேவைப்பட்டால், அதற்கு மட்டும் தனியாகக் கேளுங்கள். ஆய்வுக்குத் தனியாகக் கேளுங்கள். நல்ல ஆய்வு என்றால் நாங்கள் கொடுப்போம். எதற்கு, யாருக்கு என்று தெரிய வேண்டும். விளம்பரத்துக்குக் கேட்கவே வேண்டாம். செயலிக்குள் இருக்கும் விளம்பர, பகுப்பாய்வு நிரல்களை எடுத்துவிடுங்கள். தேவையில்லாத இருப்பிட அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு ரீடிங்கும், நேரத்தோடு, கட்டணம் இல்லாமல், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய கோப்பாக எங்களுக்கு வேண்டும். வரைபடம் போட்ட பிடிஎஃப் வேண்டாம்.

பதிவுகள் யாரிடம் போகின்றன என்று பெயர் பெயராக வெளியிடுங்கள். உங்கள் ஊழியர்களில் யார், எப்போது, எதற்காக எங்கள் பதிவைத் திறந்தார் என்பது செயலியிலேயே எங்களுக்குத் தெரிய வேண்டும். அழிக்கச் சொன்னால் பிரதிகளும் கூட்டாளிகளிடம் போனதும் சேர்த்து அழிய வேண்டும், அழித்ததை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். நிறுவனம் கைமாறினாலும் திவாலானாலும், ஒவ்வொருவரும் புதிதாகச் சம்மதம் தரும் வரை அவர் பதிவு கைமாறக் கூடாது. இதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பதிவுகளைப் பூட்டும் முறையை வெளியாட்களை வைத்து ஆண்டுதோறும் சோதித்து முடிவை வெளியிடுங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர் மேல் வழக்குப் போடமாட்டோம் என்று அறிவியுங்கள். பதிவுகள் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள், என்ன போனது என்ற விவரத்தோடு எங்களுக்கே சொல்லுங்கள். அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை எங்களுக்கு வரக் கூடாது.

குழந்தைகளின் கணக்குகளுக்குத் தனி விதி வேண்டும். உரிய வயது வந்ததும் அவர்களையே கேளுங்கள்: வைத்துக்கொள்ளவா, கொடுத்துவிடவா, அழித்துவிடவா? அதுவரை அவர்கள் பதிவை எந்த ஆய்வுக்கும், எந்தக் கூட்டாளிக்கும் கொடுக்கக் கூடாது.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் என்று மூன்று மாதத்துக்குள் பொதுவில் எழுதுங்கள். எங்களுக்கு அறிவிப்பு அனுப்பிய நிறுவனம் அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்தத் திரையை உடனே எடுத்துவிட்டு அலாரத்தைத் திறந்துவிடுங்கள். கணக்கை என் மகள் பெயருக்கு, முதல் நாள் ரீடிங்கிலிருந்து எல்லாப் பதிவுகளோடும் மாற்றுவதற்கான படிவத்தை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு பெண்ணின் தாய்